ஐஸ் பெட்டி ஏன் 'டிக் டிக்' என்கிறது?

இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கிய பிறகு அடுப்படிப் பக்கம் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், சில விநாடிகளில் 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. நாலைந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே முனகல், அதே 'டிக்'. இந்தச் சத்தம் உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியிலிருந்து வருமானால், இன்றைய பேச்சு உங்களுக்காகத்தான்.

ஐஸ் பெட்டி ஓடத் தொடங்குவதும், உடனே நின்றுவிடுவதும், மறுபடி தொடங்குவதுமாக இருப்பது பல வீடுகளில் காணும் தொல்லை. இதைக் கண்டதும் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். 'கிழப்பெட்டி, இனி உதவாது' என்று கடையில் தவணைக்குப் புதுப்பெட்டி எடுக்கிறோம். அல்லது 'கேஸ் குறைந்திருக்கும்' என்று ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கிறோம். பல சமயம் இந்த இரண்டுமே தேவையில்லை. குறை எங்கே இருக்கிறது என்று காதாலும் கடிகாரத்தாலுமே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டு அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம். அப்போது நாங்கள் பெம்பான் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். லயத்து வீடுகளில் பின்பக்கம் பலகையும் தகரமும் வைத்து அடுப்படியை நீட்டிக்கொள்வது வழக்கம் அல்லவா? எங்கள் ஐஸ் பெட்டியும் அந்த நீட்டிய அடுப்படியில்தான் இருந்தது. அங்கே சுவரில் பிளக் கிடையாது. ஆகவே முன்வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, சட்டத்தின் மேல் ஆணி அடித்துக் கொண்டுவந்திருந்தோம். அதே வயரில் சோற்றுப் பானையும் மாட்டியிருந்தது.

ஒரு நாள் பெட்டி 'டிக் டிக்' என்று தொடங்கியது. ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்தார், கேஸ் போதவில்லை என்றார், கேஸ் அடைத்தார். அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு வாரச் செலவுப் பணம். இரண்டு வாரத்தில் மறுபடி அதே சத்தம். அந்தப் பெட்டிக்குள்தான் பாட்டியின் இன்சுலின் மருந்தும் இருந்தது. காலையில் மருந்துக் குப்பியை எடுத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

தோட்டத்து ஆலையில் முன்பு வேலை பார்த்த ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. 'நாலு பேர் சேர்ந்து இதை முன்வீட்டுக்குத் தூக்குங்கள்' என்றார். சுவர்ப் பிளக்கில் நேராக மாட்டினார். பெட்டி ஒரே முயற்சியில் ஓடியது, நிற்கவில்லை. பிறகு அந்த நீட்டு வயரை இறக்கிக் காட்டினார். விளக்குக்குப் போடும் மெல்லிய வயர். நடுவில் இரண்டு இடத்தில் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ஒரு முறுக்கு கருகியே போயிருந்தது. குறை பெட்டியில் இல்லை, பாதையில் இருந்தது. அந்தக் கருகல் இன்னும் சில நாள் இருந்திருந்தால் பலகைச் சுவரில் தீப்பிடித்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

இனி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஐஸ் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. பெட்டியின் பின்புறம் அடியில் கருப்பாக உருண்டையாக இருப்பதுதான் கம்ப்ரஸர். அதனுள் ஒரு மோட்டார் இருக்கிறது. அது கேஸை அழுத்திக் குழாய்களில் சுற்றிவரச் செய்கிறது. பெட்டிக்குள் போகும் குழாயில் கேஸ் சூட்டை வாங்கிக்கொள்கிறது. முதுகுப் பக்கத்துக் கருப்புக் குழாய்களில் அந்தச் சூட்டை விடுகிறது. வேண்டிய அளவு குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் என்னும் கருவி மோட்டாரை நிறுத்துகிறது. உள்ளே சூடு ஏறியதும் மறுபடி ஓடச் சொல்கிறது. ஆக, ஓடுவதும் நிற்பதும் பெட்டியின் இயல்புதான். எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் நிற்கிறது என்பதே கேள்வி.

கம்ப்ரஸரின் பக்கவாட்டில் இரண்டு சின்னப் பொருள்கள் உண்டு. ஒன்று ரிலே. மோட்டார் புறப்படும் நேரத்தில் மட்டும் அதற்கு ஒரு தள்ளு கொடுத்து உதவுவது அதன் வேலை. மற்றொன்று ஓவர்லோட் என்னும் காப்பு விசை. அதை நாம் மோட்டாரின் 'ஜாகா' என்று சொல்லலாம். தோட்டத்து ஜாகா இரவில் சுற்றி வந்து ஆபத்தைக் கண்டால் மணி அடிப்பாரே, அதுபோல இது மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இந்த ஜாகாவின் உள்ளே இருப்பது, வேறு வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னத் தகடு. சூடேறினால் ஒன்று அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். ஆகவே தகடு வளைந்து 'டிக்' என்று தொடர்பை அறுத்துவிடும். ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் கப்பல்களுக்கான கடிகாரம் செய்தபோது, வெயிலிலும் குளிரிலும் நேரம் மாறாமல் இருக்க இப்படிப்பட்ட இரட்டைத் தகட்டைக் கண்டுபிடித்தார். அவர் தச்சுத் தொழிலில் வளர்ந்தவர். அதே யுக்திதான் இன்று நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும், தண்ணீர் கொதித்ததும் தானே நிற்கும் கெண்டியிலும், ஐஸ் பெட்டியிலும் வேலை செய்கிறது.

ஆகவே நேயர்களே, 'டிக்' சத்தம் நோய் அல்ல. மோட்டார் எரிந்துபோகாமல் ஜாகா காப்பாற்றுகிற சத்தம் அது. ஜாகா ஏன் மணி அடிக்கிறார் என்று தேட வேண்டுமே தவிர, ஜாகாவின் வாயைக் கட்டக் கூடாது.

இப்போது ஒரு கடிகாரத்தையும் ஒரு துண்டுத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்து, எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுங்கள். மூன்று விதமான கணக்குகளில் ஒன்று கிடைக்கும்.

முதல் விதம்: முனகல் சில விநாடி, 'டிக்', சில நிமிட ஓய்வு, மறுபடி முனகல். பெட்டி குளிரவில்லை. இது மோட்டார் புறப்படவே முடியாமல் தவிப்பது. ஜாகா விசை அறுபடுகிறது.

இரண்டாவது விதம்: மோட்டார் ஒழுங்காகப் புறப்பட்டு ஓடுகிறது, பெட்டியும் குளிர்கிறது, ஆனால் நின்ற கொஞ்ச நேரத்திலேயே மறுபடி எழுந்து ஓடுகிறது. இங்கே ஜாகா குற்றவாளி அல்ல. சூடு உள்ளே புகுகிறது. அல்லது தெர்மோஸ்டாட் சரியில்லை.

மூன்றாவது விதம்: நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் குளிர் போதவில்லை. கேஸ் கசிந்திருந்தால் பெரும்பாலும் இந்த விதமாகத்தான் தெரியும். முனகலும் 'டிக்'கும் மட்டும் இருக்கும் பெட்டிக்குக் 'கேஸ் போதவில்லை' என்று யாராவது சொன்னால், உடனே பணத்தை எண்ணாதீர்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கேஸ் என்பது மோட்டார் சைக்கிளுக்குப் போடும் எண்ணெய் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்புவது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இன்வெர்ட்டர் என்று எழுதியிருக்கும் புது வகைப் பெட்டிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவை மெதுவான வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்படியே செய்யப்பட்டவை. நல்ல குளிரோடு அவை நிற்காமல் ஓடினால் அது குறை அல்ல.

முதல் விதமே நம் வீடுகளில் அதிகம். அதற்கு என்ன செய்வது?

முதலாவதாக, மின்சாரம் வரும் பாதையைப் பாருங்கள். சரக்கேற்றிய கைவண்டியை ஓடும்போது தள்ளுவது எளிது. நிற்கும் வண்டியை முதலில் நகர்த்துவதுதான் கடினம். மோட்டாரும் அப்படியே. ஓடும்போது இழுப்பதைவிடப் புறப்படும்போது ஐந்து ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்த நேரத்தில் அழுத்தம் குறைந்தால் அதனால் எழ முடியாது. லயத்துக் கோடியில் இருந்த பொதுப் பைப்பை நினைத்துப் பாருங்கள். முன் வீட்டார் எல்லோரும் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். மெல்லிய, நீளமான வயரின் கடைசியில் இருக்கும் ஐஸ் பெட்டியின் நிலையும் அதுதான்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். நம் நாட்டு வீடுகளுக்கு முன்பு 240 வோல்ட் என்று இருந்த அளவு 2008 முதல் 230 வோல்ட் ஆனது. 216 முதல் 253 வரை ஏறி இறங்கலாம் என்பது விதி. இந்த அழுத்தம் பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் மோட்டாரின் தள்ளும் வலுவும் இரண்டு பங்குதான் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நூறு பேர் இழுக்க வேண்டிய தேரை அறுபத்து நாலு பேர் இழுப்பதற்குச் சமம். தேர் நகராது, இழுப்பவருக்குத்தான் வேர்க்கும். மோட்டாரும் நகராமல் நின்ற இடத்திலேயே சூடேறும். ஜாகா 'டிக்' என்பார்.

முன்னாளில் பல தோட்டங்களில் ஆலை எஞ்சினிலிருந்து மாலையில் சில மணி நேரம் மட்டும் லயத்துக்கு வெளிச்சம் கொடுப்பார்கள். பல்பு மஞ்சளாகத் துடிப்பதைப் பார்த்தே அழுத்தம் குறைவதைத் தெரிந்துகொண்டோம். இன்று தெனாகா நேஷனல் மின்சாரம் வந்துவிட்டது; விளக்குகளும் எல்.இ.டி. ஆகிவிட்டன. இந்த விளக்குகள் பல, அழுத்தம் குறைந்தாலும் அதே வெளிச்சத்தைக் காட்டும். ஆகவே விளக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

சோதனை இதுதான். சோற்றுப் பானை, கெண்டி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஐஸ் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, குறைந்தது ஐந்து நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு நடுவில் நீட்டு வயரோ, மூன்று பிளக் மாட்டும் கட்டையோ இல்லாமல் சுவர்ப் பிளக்கில் நேராக மாட்டுங்கள். ஒழுங்காக ஓடினால் குற்றவாளி வயர்தான். ஒரு கெண்டி மட்டுமே ஏறக்குறைய பத்து ஆம்பியர் இழுக்கும். அதையும் ஐஸ் பெட்டியையும் ஒரே வயரில் மாட்டுவது, ஒரே மாட்டில் இரண்டு வண்டியைக் கட்டுவது போலாகும். ஐஸ் பெட்டிக்கென்று தனிப் பிளக் வேண்டும். அதைப் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

சுவரில் நேராக மாட்டியும் மாலை நேரத்தில் மட்டும் 'டிக் டிக்' வந்து, நள்ளிரவில் சரியாகிவிட்டால், அந்தப் பகுதிக்கே அழுத்தம் குறைகிறதோ என்று சந்தேகிக்கலாம். பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். நாலு வீட்டார் சேர்ந்து நேரத்தைக் குறித்து எழுதிப் புகார் கொடுத்தால், அளந்து பார்க்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இரண்டாவதாக, இடியும் மின்வெட்டும். மாலையில் இடி இடித்து மழை கொட்டும்போது மின்சாரம் 'பளிச்' என்று போய் உடனே வருவது நமக்குப் பழக்கமான காட்சி. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்ற அந்த விநாடியில் குழாய்க்குள் கேஸ் இன்னும் அழுத்தத்தோடு இருக்கும். அந்த அழுத்தம் தணியச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால் மோட்டார் சுவரைத் தள்ளுவது போலத் தள்ளித் தோற்றுப் போகும். இடி மழை தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் நிலையாக வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள். அப்படித் தானாகவே சில நிமிடம் காத்திருந்து மின்சாரம் விடும் சிறு காப்புக் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

மூன்றாவதாக, பெட்டியின் முதுகு. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியை முன்னே இழுத்துப் பாருங்கள். கருப்புக் குழாய்களில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் படிந்திருக்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மோட்டார் வேகும். மென்மையான பிரஷால் துடையுங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தகரக் கூரைக்கு அடியில், அடுப்புக்குப் பக்கத்தில், மத்தியான வெயில் படும் இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். மேலே துணி விரித்து, பக்கங்களை அரிசி மூட்டையால் அடைப்பதும் கூடாது. புதுப் பெட்டிகள் சிலவற்றில் முதுகில் குழாய் தெரியாது. பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளேயே இருக்கும். அவற்றுக்குப் பக்கங்களில் காற்று வேண்டும்.

இந்த மூன்றையும் செய்த பிறகும் முனகலும் 'டிக்'கும் நிற்காவிட்டால், ரிலே, காப்பு விசை, கம்ப்ரஸர் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்கும். இது தெரிந்தவர் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் வருகிறவரிடம் நீங்கள் கேட்கலாம்: 'ஐயா, முதலில் ரிலேயைக் கழற்றிப் பாருங்கள்.' பல பெட்டிகளில் அந்தச் சின்ன ரிலேயைக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே உடைந்திருந்தால் 'கடகட' என்று சத்தம் வரும். ரிலே மாற்றுவது சின்னச் செலவு. கம்ப்ரஸர் மாற்றுவது பெருஞ்செலவு. சின்னதைப் பார்க்காமல் பெரியதைச் சொல்கிறவரிடம் சற்று யோசித்துப் பேசுங்கள்.

இரண்டாவது விதத்துக்கு, அதாவது அடிக்கடி எழுந்து ஓடும் பெட்டிக்கு, கதவின் ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஓடிப்போகிறது. ரப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். சூடான குழம்புச் சட்டியை அப்படியே உள்ளே வைப்பதும், பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுக்கலாம் என்று யோசிப்பதும் இதே தொல்லையைக் கொடுக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் அடிக்கடி ஓடினால் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியது அல்ல. கனடாவின் டொரான்டோ நகரில் வாழும் தமிழர் வீடுகளில் வெயில் அல்ல, பனிதான் பகை. அங்கே வீட்டைச் சூடாக்க அடித்தளத்தில் ஓர் உலை வைத்திருப்பார்கள். அந்த உலையும் சில சமயம் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து தொல்லை கொடுக்கும். காரணம் பல சமயம் என்ன தெரியுமா? காற்று போகும் வடிகட்டியில் தூசி அடைத்துக்கொள்வதுதான். சூடு வெளியேற முடியாமல் உலை தானே வேக, அங்கும் ஒரு காப்பு விசை தீயை நிறுத்திவிடும். ஊர் வேறு, பருவம் வேறு, பாடம் ஒன்று.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். காப்பு விசையை எடுத்துவிட்டு வயரால் நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். பெட்டி ஓடுவது போல் தோன்றும், பிறகு மோட்டார் எரியும், வீடும் எரியலாம். பிளக்கின் பியூஸ் போனால் சிகரெட் தாளைச் சுற்றி மாட்டாதீர்கள். உள்ளே உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள், குழாய் ஓட்டையாகும். பழைய பெட்டிகளில் இருந்த கேஸ் வானத்து ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987இல் மொன்ட்ரியலில் உலக நாடுகள் செய்த உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக விலக்கப்பட்டது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஆர் 600ஏ என்ற கேஸ் இருக்கிறது. அது தீப்பற்றக் கூடியது. பெட்டியின் முதுகில் அந்தப் பெயரோ தீச் சின்னமோ இருந்தால் குழாய்ப் பக்கம் நெருப்பைக் கொண்டு போகாதீர்கள்.

பெட்டி நின்றுவிட்ட நேரத்தில் உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றுவதும் முக்கியம். கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்குப் பிறகு பால், இறைச்சி, மீன், சமைத்த கறி ஆகியவற்றை மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். கெட்டது எல்லாம் நாறுவதில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. பெட்டி தொல்லை கொடுக்கத் தொடங்கிய அன்றே மருந்தைப் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கு மாற்றுங்கள். வெதுவெதுப்பாகிவிட்ட மருந்தை, கிளினிக்கில் காட்டிக் கேட்காமல் ஊசியில் ஏற்றாதீர்கள். எங்கள் பாட்டிக்கு அன்று கிளினிக்கில் புதுக் குப்பி கொடுத்தார்கள். பழையதைப் போட்டிருந்தால் சர்க்கரை ஏறியிருக்கும். குற்றம் பாட்டியின் வாய் மேல் போயிருக்கும். வயரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை அடுப்படியில் 'டிக்' என்று கேட்டால் பதற வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், எழுதுங்கள். வயரைப் பாருங்கள், பிறகு பெட்டியின் முதுகைப் பாருங்கள், அதற்குப் பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். எழுதிய தாளை வருகிறவர் கையில் கொடுங்கள். வீட்டுக்காரருக்கு விவரம் தெரியும் என்று கண்டால் வேலையும் நேராக நடக்கும், கூலியும் நியாயமாக இருக்கும்.